ஸொட்டேரோ: படிக்கும்போதே எழுதத் தொடங்க வைத்த மென்பொருள்

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஆறு வருடமாக ஸொட்டேரோ பயன்படுத்தி வருகிறேன். இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். துணைநூற்பட்டியல் போட்டுத் தரும் கருவி என்றுதான் இதைப் பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள், எனக்கும் சீனியர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அது சரிதான். ஆனால் அதற்காக மட்டும் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். படிக்கிற நேரத்திலேயே எழுத்து வேலையும் தொடங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் கிடைத்த பெரிய உதவி.

எம்.ஃபில். படித்தபோது கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, நல்ல வரிகளை நோட்டில் எழுதிவைப்பேன். பக்க எண் எழுதப் பாதி நேரம் மறந்துவிடும். ஆய்வேடு கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரே ஒரு மேற்கோளின் பக்க எண்ணுக்காக மறுபடியும் நூலகத்துக்குப் போனேன், அந்தப் புத்தகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், கடைசியில் அந்தப் பத்தியையே நீக்கிவிட்டேன். அத்தியாயத்திலேயே நல்ல பத்தி அதுதான். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப் கோப்பை ஸொட்டேரோவுக்குள்ளேயே திறந்து படிக்கலாம். வரிகளுக்கு வண்ணம் பூசலாம், பக்கத்திலேயே நம் கருத்தை எழுதலாம். படித்து முடித்ததும் வண்ணம் பூசிய வரிகளையெல்லாம் ஒரே குறிப்பாகத் திரட்டச் சொன்னால் ஒவ்வொரு வரியும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு வந்து நிற்கும். அதைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம். அந்தக் குறிப்பை அப்படியே வேர்டில் சேர்த்தால் மேற்கோள் குறியீடும் கூடவே வரும். லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் இரண்டிலும் மேற்கோள் போடும் வசதி இருக்கிறது. கட்டுரையை ஒரு இதழ் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த இதழ் மேற்கோள்களை வேறு பாணியில் கேட்டால், பாணியின் பெயரை மாற்றினால் போதும், மொத்தப் பட்டியலும் மாறிவிடும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன.

நான் பழகிக்கொண்ட முறை இது. கட்டுரையின் வாதத்துக்கு மஞ்சள், தரவுக்கும் ஆய்வு முறைக்கும் பச்சை, எனக்கு ஒப்பாத இடத்துக்குச் சிவப்பு, அடுத்து தேடிப் படிக்க வேண்டியவற்றுக்கு நீலம். முடிந்ததும் கோப்பை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், என் சொற்களில் ஐந்து வரி எழுதுவேன்: இவர் என்ன கேள்வி கேட்கிறார், எதை வைத்துப் பதில் சொல்கிறார், யாரோடு மல்லுக்கு நிற்கிறார், எதை விட்டுவிட்டார். இந்த ஐந்து வரியை எந்த மென்பொருளும் எழுதித் தராது, தரவும் கூடாது. இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை, அதாவது முன்பு வந்த ஆய்வுகளை அலசும் அத்தியாயத்தை, எழுத உட்கார்ந்தபோது வெற்றுத் தாள் இல்லை, இப்படிப்பட்ட இருநூறு குறிப்புகள் எனக்காகக் காத்திருந்தன.

என் துறை கிராம ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பாடத்துக்கு முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களை அனுப்பி ஆய்வு செய்த கிராமங்களில் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் ஒன்று. 1930களில், 1960களில், 1980களில், பிறகு 2008இலும் வேறு வேறு ஆய்வாளர்கள் அங்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். கிட்டத்தட்ட நூறு வருடத்துக் கூலி, நிலம், சாதி உறவுகள் எப்படி மாறின என்று ஒரே ஊரை வைத்துப் பார்க்க முடிகிற அபூர்வமான வாய்ப்பு. ஆனால் ஸ்லேட்டரின் 1918ஆம் ஆண்டு நூலில் ஊர்ப் பெயர் எருவெல்லிபேட் என்று இருக்கிறது! புதிய எழுத்துக்கூட்டலில் தேடினால் பழையது கிடைக்காது, பழையதில் தேடினால் புதியது கிடைக்காது. தமிழிலேயே இருவேல்பட்டு என்று ஒரு குறிச்சொல் வைத்து எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டேன். 1918ஆம் ஆண்டு நூலும், 2008இல் போனவர்கள் 2010இல் எழுதிய கட்டுரையும் ஒரே தேடலில் அடுத்தடுத்து வந்து நின்ற அன்றைக்குத்தான் என் மூன்றாம் அத்தியாயத்தின் கேள்வியே எனக்குப் பிடிபட்டது.

சரி, நம் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் பெயர்கள். மேற்கத்தியக் குடும்பப் பெயரை மனதில் வைத்துத்தான் மேற்கோள் பாணிகள் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன. க. முருகன் என்பவரின் கட்டுரையை இணையத்திலிருந்து சேமித்தால், இதழின் தளத்தில் இனிஷியலைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருந்தால், நம் ஆய்வேட்டில் (க., 2018) என்று வந்து நிற்கும். இன்னொரு பக்கம், பாஸ்போர்ட்டில் இருப்பது போல அப்பா பெயரை விரித்துக் கடைசியில் எழுதியிருந்தால் ஒரு பெண் செய்த ஆய்வுக்கு அடைப்புக்குறிக்குள் அவருடைய அப்பா பெயர்தான் வரும். அந்த ஆய்வாளரே அப்படித்தான் எழுதுகிறார் என்றால் அப்படியே விடலாம். இல்லையென்றால் திருத்துவது நம் கடமை, ஏனென்றால் ஒருவருடைய உழைப்புக்கு நாம் தருகிற அங்கீகாரமே அந்தப் பெயர்தான். சேமித்த உடனேயே பெயரைப் பாருங்கள், கடைசி வாரத்துக்கு விட்டுவிடாதீர்கள். பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும், பக்கத்தில் உள்ள பொத்தானைத் தட்டினால் ஒரே கட்டமாகிவிடும், நிறுவனப் பெயர்களுக்கு அதுதான் சரி. தமிழ் நூல்களின் விவரங்களைப் பெரும்பாலும் கையால்தான் உள்ளிட வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த தமிழ் பிடிஎஃப்களில் வரியைத் தேர்ந்தெடுத்தால் புரியாத எழுத்துகளாக வரும். அங்கே வண்ணம் பூசாமல் அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டி படமாகக் குறிப்பில் வைக்கலாம், பக்க எண் அதற்கும் வரும். ஸ்கேன் செய்த பழைய அறிக்கைகள் என்றால் எழுத்துணரியில் (ஓசிஆர்) போட்டு எடுத்த பிறகு உள்ளே கொண்டுவருவது நல்லது, ஸொட்டேரோவிலேயே அந்த வசதி கிடையாது.

வெளியிட்ட இதழே பிறகு திரும்பப் பெற்ற ஆய்வு எதையாவது சேமித்து வைத்திருந்தால் ஸொட்டேரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும், 2019இலிருந்து இது இருக்கிறது. சமூக அறிவியலுக்கு இது மிக முக்கியம். வீடு வீடாகப் போய்ப் பேசினால் ஒருபாலினத் திருமணம் பற்றிய மக்கள் கருத்து மாறும் என்று 2014இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை அடுத்த வருடமே திரும்பப் பெறப்பட்டது. அதைத் தெரியாமல் ஆதாரமாகக் காட்டிவிட்டு வாய்மொழித் தேர்வில் நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

ஸொட்டேரோ யார் கையில் இருக்கிறது என்பதும் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்று 2006இல் வெளியிட்டது, இப்போது லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. இதே வேலையைச் செய்யும் எண்ட்நோட் மென்பொருளை அப்போது விற்றுக்கொண்டிருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் இதன் மேல் வழக்குப் போட்டது, 2009இல் அது தள்ளுபடியானது. இன்னொரு போட்டியான மெண்ட்லி 2013இலிருந்து எல்செவியர் என்ற பதிப்பகத்தின் கையில். நான் பத்து வருடம் சேர்க்கப்போகும் குறிப்புகளை ஒரு பதிப்பகப் பெருநிறுவனத்திடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸொட்டேரோ இணையத்தில் தரும் சேமிப்பிடம் பற்றி. குறிப்புகளும் நூல் விவரங்களும் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக ஒத்திசையும், ஆனால் பிடிஎஃப் கோப்புகளுக்கு 300 எம்பி மட்டும்தான், ஸ்கேன் செய்த அறிக்கைகள் நான்கைந்து சேர்ந்தாலே தீர்ந்துவிடும். 2 ஜிபிக்கு வருடம் 20 டாலர். மாணவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. வெப்டாவ் (இணையத்தில் கோப்புகளை வைத்து எடுக்கும் ஒரு பொது முறை) தரும் வேறு சேவை இருந்தால் கோப்புகளை அங்கே வைக்கலாம். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸொட்டேரோவின் தரவுக் கோப்புறையை மட்டும் டிராப்பாக்ஸுக்குள்ளோ கூகுள் டிரைவுக்குள்ளோ வைத்துவிடாதீர்கள், தரவுத்தளம் சிதைந்துபோக வாய்ப்பு அதிகம்.

அப்புறம், டிடிபி சென்டருக்கு ஆய்வேட்டைக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் ஸொட்டேரோவோடு உள்ள மேற்கோள் இணைப்புகளைத் துண்டித்துச் சாதாரண எழுத்தாக்கிக் கொடுங்கள். என் தோழி மூலக் கோப்பையே கொடுத்துவிட்டாள். அவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற்றி வடிவமைத்துத் திருப்பிக் கொடுத்ததில் இணைப்பு ஒன்றுகூட இல்லை, தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களுக்கு முந்நூற்றுச் சொச்சம் மேற்கோள்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் போட்டாள்.