தானியங்கி அவசர பிரேக்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாதம் இருமுறையாவது சென்றுவருபவன் என்பதால், முன்னால் செல்லும் வண்டியின் பின்புறத்தில் போய் மோதாமல் காக்கும் என்று சொல்லப்பட்ட இந்த வசதிக்காகவே காரின் விலை கூடிய வகையைத் தேர்ந்தெடுத்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவும் பம்பரிலுள்ள ரேடாரும் முன்வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் இடைவிடாமல் கணிக்கின்றன. இடைவெளி ஆபத்தாகச் சுருங்கினால் முதலில் ஒலி எழும், அப்போதும் கால் அசையாவிட்டால் கார் தானே பிரேக் பிடிக்கும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். கண் கண்டதைக் கால் செய்து முடிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகலாம். பரனூர் சுங்கச்சாவடியை நெருங்கும்போது ஃபாஸ்டேக் இருப்பைக் காட்டும் குறுஞ்செய்தியைப் பார்க்கக் கைபேசியின் பக்கம் திரும்பிய நேரத்தில்தான் முன்னால் சென்ற கார் நின்றது. ஒலி கேட்டுப் பதறி மிதித்ததால் தப்பினேன். தவறு முழுவதும் என்னுடையது. இவ்வசதியுள்ள கார்கள் முன்வண்டியில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்ற அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ஆய்வு முடிவை அன்று நம்பினேன்.

ஆனால் நம் சாலையின் பெரிய ஆபத்து ஓடும் வண்டியன்று, நிற்கும் லாரி. மேல்மருவத்தூரைத் தாண்டி ஓர் இரவு, பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் இடது தடத்தில் பாதி ஏறி நின்ற லாரியை நானே ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்டு ஒதுங்கினேன். அதுவரை ஒலி எழவில்லை. இருளிலும் மழையிலும் நிற்கும் வண்டிகளிடத்தும் திறன் குறையலாம் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், விற்பனைப் பிரதிநிதி மட்டும் அதைச் சொல்லவில்லை. லாரியின் தளம் காரின் பானெட்டைவிட உயரமானது என்பதால், கார் அடியில் புகுந்துவிட்டால் மோதலைத் தாங்குவதற்கென்றே அமைத்த முன்பகுதி பயன்படாமல், தளத்தின் விளிம்பு நேரே கண்ணாடிக்கு வந்துவிடும். இதைத் தடுக்க லாரியின் பின்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பியோ பல வண்டிகளில் துருப்பிடித்தும் வளைந்தும் கிடக்கிறது.

முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் வசதியில் அந்த இடைவெளியை அதிகபட்சமாக வைத்தால், அந்த இடத்தில் ஓர் ஆம்னி பேருந்து நுழைந்துவிடும். நகரத்துக்குள் இன்னொரு தொல்லை: குறுக்கே வந்த ஸ்கூட்டருக்காகக் கார் தானே சட்டென நின்றபோது, பின்னால் வந்த வேன் ஒரு சாண் தூரத்தில் நின்றது. பின்னால் யார் வருகிறார்கள் என்பதை இந்த பிரேக் பார்ப்பதில்லை. பின்னிருக்கையின் தலைத் தாங்கியோ உயர்த்த முடியாதது. இடி வாங்கினால் உயரமானவரின் கழுத்துதான் வெட்டி இழுக்கும். இவ்வளவு விலையுள்ள காரில் இந்தச் சிக்கனம் எனக்குப் புரியவில்லை.

வாங்க நினைப்பவர்கள் இரவு ஓட்டத்துக்கு இதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பகல் நேர நெடுஞ்சாலைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மீண்டும் சீரமைக்க வேண்டும் என்பதால், அந்தச் செலவு காப்பீட்டில் அடங்குமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.