ஆள் ஜாமீனா, சொந்த ஜாமீனா?

ஒரே வழக்கில் ஜாமீன் கிடைத்த இருவரும் புழல் சிறையிலிருந்து ஒரே நாளில் வெளியே வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆள் ஜாமீனுக்கு உத்தரவாதம் தர ஆட்கள் வேண்டும். அவர்களிடம் வீட்டு வரி ரசீதோ சம்பளச் சான்றோ கேட்பார்கள். வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கும் சுமைதூக்கும் தொழிலாளியின் சொந்தபந்தத்தில் யாரிடம் அது இருக்கும்? நீதிபதி விடச் சொன்ன பிறகும் அவர் உள்ளேயே கிடக்கிறார். இது ஏழ்மைக்குத் தரும் தண்டனைதான்.

சொந்த ஜாமீனில் தன் கையெழுத்தே போதும். 1978-இல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் கேட்ட 10,000 ரூபாய் ஜாமீனை ஏற்காமல், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஆள் ஜாமீன் தர முடியாதவர் என்றால், அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்த ஜாமீனில் விடலாம் என்று சட்டமே சொல்கிறது. மற்ற வழக்குகளில், ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆள் கொண்டுவர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

சரி, தலைமறைவாகிவிட்டால்? புகார் கொடுத்தவரின் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் குடும்பமும் பிழைப்பும் இங்கேயே இருக்கிறவர் எங்கே போவார்? முகவரியைச் சரிபார்த்துவிட்டுச் சொந்த ஜாமீன் தருவதே நியாயம் என்பேன். அப்புறம், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையும் வேண்டாம். காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவர் கடலில் பல நாள் தங்குவார். கரை திரும்பியதும் கையெழுத்துப் போட அனுமதிக்கலாம்.