கான்கிரீட் கரையா, மண் கரையா? கீழ்பவானி வாய்க்காலை வைத்து ஒரு கணக்கு

புவியியல் தேர்வில் நீர் மேலாண்மை பற்றிக் கேள்வி வந்தால், பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் பூசினால் தண்ணீர் வீணாவதைத் தடுக்கலாம்.' மதிப்பெண்ணும் விழுந்துவிடும். அதே வரியைப் பெருந்துறைப் பக்கம் ஒரு டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் 'சரியாச் சொன்னீங்க' என்பார்கள். மீதிப் பேர் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். இரண்டு தரப்பும் விவசாயிகள். இரண்டு தரப்பும் ஒரே வாய்க்காலின் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்த வாய்க்கால் பாசனம் பெறும் நிலத்துக்காரர்கள்.

பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை, காங்கேயம் என்று சரிவைப் பார்த்துப் பார்த்து வளைந்து, சுமார் 200 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டத்தைத் தொடுகிறது. பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுக்க முடியாது என்பதால் வாய்க்காலிலிருந்து தண்ணீர் பிரியும் மதகுகளை எண்படி ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, முறைக்கு 1,03,500 ஏக்கர். ஆகஸ்ட் 15 வாக்கில் நஞ்சைக்கு 120 நாள் திறப்பார்கள். அடுத்த போகத்தில் மற்றப் பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கு இத்தனை நனைப்பு (தவணை) என்ற கணக்கில் விட்டு விட்டுத் தண்ணீர்.

இந்த வாய்க்கால் பெரும்பகுதி மண்ணால் ஆனது. இதைச் சுமார் 710 கோடி ரூபாயில் கான்கிரீட் போட்டுச் சீரமைக்கலாம் என்று அரசு முடிவெடுத்தபோதுதான் ஊர் இரண்டானது. ஒரு தரப்பு 'உடனே போடுங்கள்' என்றது. இன்னொரு தரப்பு, 'பழுதான மதகு, பாலம், தடுப்புச்சுவரை மட்டும் சரிசெய்யுங்கள், மண் கரையை மண்ணாலேயே பலப்படுத்துங்கள்' என்றது.

மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு கசிகிறது' என்பதல்ல என்பது என் கட்சி. கசிந்த தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது, யார் அதை எடுக்கிறார்கள் என்று கேட்டால்தான் கணக்கு தொடங்கும்.

கசிவைக் கணக்குப் போடுவோம்

நம் நாட்டில் நிலத்தடி நீரை மதிப்பிடப் பயன்படுத்தும் நெறிமுறையில் இதற்கு ஓர் அளவு இருக்கிறது. சாதாரண மண்ணில் வெட்டிய, பூச்சு இல்லாத வாய்க்காலில், நனையும் பரப்பு 10 லட்சம் சதுர மீட்டர் இருந்தால், வினாடிக்கு 1.8 முதல் 2.5 கன மீட்டர் வரை கசியும். பூசிய வாய்க்கால் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு.

இனி நம் வாய்க்கால். தலைப்பில் அகலம், போகப் போகக் குறுகல். நனையும் அகலம் சராசரியாக 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (இது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், அளந்தது அல்ல). 200 கிலோமீட்டருக்கு 40 லட்சம் சதுர மீட்டர் வரும். கசிவு வினாடிக்கு 7 முதல் 10 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 250 முதல் 350 கனஅடி. நடுவில் 300 என்று எடுத்தால், 120 நாளில் சுமார் 3.1 டிஎம்சி. வாய்க்காலில் முழு அளவான வினாடிக்கு 2,300 கனஅடி அந்த 120 நாளும் ஓடினால் வருவது சுமார் 23.8 டிஎம்சி. அப்படியானால் எட்டில் ஒரு பங்கு வழியிலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. முழுக்கப் பூசினால் இதில் 2.5 டிஎம்சி மிச்சம். 23.8 டிஎம்சிக்கு 1,03,500 ஏக்கர் என்ற அதே விகிதத்தில் பார்த்தால், கிட்டத்தட்ட 11,000 ஏக்கர் நஞ்சைக்கான தண்ணீர். கான்கிரீட் கேட்பவர்களை யாரும் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில், தோட்டம் வைத்திருப்பவர் இடத்தில் நின்று பாருங்கள். அணை திறந்த செய்தி பேப்பரில் வந்து பல நாள் கழித்துத்தான் அவர் மடைக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்கும். அதற்குள் நாற்று முற்றிவிடும். நடுவில் எங்காவது கரை உடைந்தால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள், அப்புறம் அவர் பாடு திண்டாட்டம்தான். போதாக்குறைக்கு, கரை ஓரத்தில் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, குழாய் போட்டு ஆயக்கட்டிலேயே இல்லாத நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஆட்களும் உண்டு. 'கசிவு, கசிவு என்று பேசுகிறார்களே, அது கசிவா திருட்டா?' என்று கடைமடைக்காரர் கேட்பது வயிற்றெரிச்சலில் மட்டுமல்ல.

கசிந்தது எங்கே போகிறது

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஈரோட்டில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. மேலே செம்மண், கீழே உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. வண்டல் நிலம் மாதிரி ஆழம் முழுக்கத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் மண் இல்லை. உதிர்ந்த பாறையின் இடுக்கிலும் கெட்டிப் பாறையின் வெடிப்பிலும்தான் தண்ணீர் தங்கும். பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் பெரிது.

இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு மண் வாய்க்கால் மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும்? வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் உள்ள ஏதாவது ஒரு பழைய திறந்த கிணற்றை எட்டிப் பாருங்கள். சுற்றுப்பாறையில் பட்டை பட்டையாக நீர்க்கறை படிந்திருக்கும், மேல் பட்டை தண்ணீர் விட்ட காலத்து மட்டம், அடிப் பட்டை கோடை மட்டம். வாய்க்கால் திறந்து சில நாளில் மேற்குப் பக்கத்துப் பாறையிடுக்கில் ஊற்று பிடிக்கும் என்பார் ஒருவர், இல்லை, வடக்கு மூலையில் என்பார் அவர் பங்காளி. திசை எதுவானாலும், வாய்க்காலில் தண்ணீர் விட்டால்தான் ஊற்று.

ஒற்றைப்படை, இரட்டைப்படை முறையை இதோடு சேர்த்துப் பாருங்கள். எந்த ஆண்டிலும் பாதி ஆயக்கட்டுக்கு நஞ்சைத் தண்ணீர் கிடையாது. முறை இல்லாத அந்தக் காலத்தில் மஞ்சளையும் வாழையையும் தென்னையையும் காப்பாற்றுவது கிணறு. அந்தக் கிணற்றை நிரப்புவது பக்கத்து மதகுக்காரருக்காக ஓடும் வாய்க்காலின் கசிவு. காகிதத்தில் 'இழப்பு' என்று எழுதப்படுவது, தோட்டத்தில் மின்மோட்டார் வழியாக மறுபடி பாசனமாகிறது. மிச்சம் பள்ளங்களிலும் ஓடைகளிலும் வடிந்து கீழே உள்ள குளங்களுக்குப் போகிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக் குளத்துக்கும் மழையோடு இந்த வாய்க்கால் தண்ணீரும் ஆதாரம்.

என்னை மண் கரைப் பக்கம் சாய்த்தது வேறொரு திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறது அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். 1,900 கோடிக்கு மேல் செலவாகி 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆண்டுக்கு ஒன்றரை டிஎம்சி. முக்கிய நோக்கமே நிலத்தடி நீரைச் செறிவூட்டுவது. அவிநாசி, அன்னூர்ப் பக்கம் வாய்க்கால் எட்டாத மேட்டாங்காடு, அங்கே வேறு வழியில்லை, நல்ல திட்டம்தான். ஆனால் அதே பவானித் தண்ணீர் ஒரு யூனிட் கரண்ட் இல்லாமல், சரிவிலேயே ஓடி, என் தோராயக் கணக்குப்படி அதன் இரண்டு மடங்கைப் பூமிக்குள் இறக்கும் இடத்தில் நாம் அதை அடைக்கப் பணம் ஒதுக்குகிறோம். ஒரு பக்கம் செறிவூட்டல், இன்னொரு பக்கம் விரயம். பெயர் மட்டும்தான் வேறு.

கான்கிரீட்டின் ஆயுள்

கான்கிரீட் போட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலை இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. விட்டு விட்டு ஓடும் வாய்க்காலில் அது அவ்வளவு எளிது இல்லை. தண்ணீரை நிறுத்தியதும் வாய்க்கால் காலியாகும், கரைக்குப் பின்னால் ஊறிய மண்ணில் தண்ணீர் அப்படியே நிற்கும். அந்த அழுத்தம் கான்கிரீட் பலகையை உள்பக்கம் தள்ளும். அதற்குத்தான் இடையிடையே சிறு வடிதுளை விடுவார்கள். துளை அடைத்துக்கொண்டால் பலகை வெடிக்கும், வெடிப்பில் வேம்பு முளைக்கும், அப்புறம் வேர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பூசிய சரிவில் தவறி விழுந்த ஆடும் நாயும் ஏறி வர முடியாது என்பதையும் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு டன் சிமெண்ட்டுக்கும் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது, கரை மரங்கள் வெட்டுப்படுவது தனி.

மண் கரைக்கும் நோய் உண்டு. எலி, நண்டு வளை போடும். செடி முளைத்து ஓட்டம் குறையும். ஆண்டுதோறும் தூர் வாரி, கரையைக் கெட்டித்து, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு ரிப்பன் வெட்டும் விழா இல்லாததால் பணமும் எளிதில் வராது. மண் கரையின் உண்மையான பலவீனம் இதுதான்.

சொட்டுநீர்ப் பாசனத்தை மூன்றாவது வழியாகச் சொல்பவர்கள் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம். மஞ்சளுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. ஆனால் முறை வைத்து வரும் வாய்க்கால் தண்ணீரை நேராகச் சொட்டுநீர்க் குழாயில் விட முடியாது. கிணறோ தொட்டியோ நடுவில் வேண்டும். கிணறு வேண்டுமென்றால் கசிவு வேண்டும். மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் கூட்டிப் போடுவதும் நடக்கும். ஆகவே இது மற்ற இரண்டுக்கும் மாற்று அல்ல, துணை.

என்னிடம் தீர்ப்பு கேட்டால்: உயரமான மண்மேட்டின் மேல் வாய்க்கால் போகும், உடைந்தால் ஊருக்கே ஆபத்தான துண்டுகளில் கான்கிரீட் போடலாம். மதகுகளையும் கொப்பு (கிளை) வாய்க்கால்களையும் பழுது பார்க்க வேண்டும். கரையோர மோட்டார்த் திருட்டைப் பிடிக்காமல் கடைமடைக்காரரிடம் கசிவின் அருமையைப் பேசுவது நியாயம் இல்லை. மற்ற இடமெல்லாம் மண்ணாகவே இருக்கட்டும்.

ஆயக்கட்டுக் கிராமத்துப் பள்ளியில் படிப்பவர்கள் என் 20 மீட்டரை நம்ப வேண்டியதில்லை. வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் 100 மீட்டர், 500 மீட்டர், 2 கிலோமீட்டர் தூரத்தில் ஒவ்வொரு திறந்த கிணறு பிடியுங்கள். கிணற்றுக்காரரிடம் அனுமதி வாங்கி, பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டம் அளந்து குறியுங்கள். திறப்பதற்கு முந்தைய நாள் ஒன்று, பிறகு பத்து நாளுக்கு ஒன்று. மழை பெய்த நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள், இல்லையென்றால் மழையின் கணக்கும் வாய்க்காலின் கணக்கும் கலந்துவிடும். வாய்க்காலுக்கு மேல்ப்புறம் ஒரு கிணற்றையும் சேர்த்துக்கொண்டால் ஒப்பிட வசதி.