கலைத்திட்டத் தரம் அளக்கும் வினாநிரல்: டெல்டா பள்ளிகளுக்குத் தேறுமா?

பள்ளிக் கலைத்திட்டத்தின் (எதை, எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம்) தரத்தை ஆசிரியர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று அளப்பதற்கான வினாநிரல் இது. தஞ்சை, திருவாரூர் பக்கத்துக் குறுவள மையக் கூட்டங்களில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள்) இதைக் கொடுக்க நினைப்பவர்கள் அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். எலும்புக்கூடு நன்றாக இருக்கிறது, கூற்றுகளில்தான் வேலை பாக்கி.

மொத்தம் 40 கூற்றுகள், ஐந்து படி லிக்கர்ட் அளவுகோல்: முற்றிலும் மறுத்தால் 1, முற்றிலும் ஒப்புக்கொண்டால் 5. அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் முன்வைத்த நான்கு கேள்விகளை ஒட்டி நோக்கம், கற்றல் அனுபவம், அவற்றை அடுக்கும் முறை, மதிப்பீடு என்று பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்பு உருப்படியானது.

முதல் கோளாறு 14ஆம் கூற்றில்: ‘ஒதுக்கிய காலத்துக்குள் பாடங்களை முடிக்க முடிகிறது.’ நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பள்ளிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை விடுமுறையில் எத்தனை பாடவேளை போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜனவரியில் கேட்டால் ‘மறுக்கிறேன்’ என்றுதான் ஆசிரியர் போடுவார். மழை தின்ற நாட்கள் பாடச்சுமையின் கணக்கில் ஏறிவிடும். பாடத்தின் பெயரைச் சொல்லி, ‘இதற்கு எத்தனை பாடவேளை ஆயிற்று?’ என்று எண்ணாகக் கேளுங்கள். மழையால் போன நாட்களுக்குத் தனி வரி விடுங்கள்.

‘பாடங்கள் மாணவரின் சூழலோடு பொருந்துகின்றன’ என்ற கூற்றும் இப்படித்தான். எட்டாம் வகுப்பு அறிவியலில் பயிர் வளர்ப்பைப் பற்றிய பாடம் நடத்தும்போது, நாற்றங்காலும் நடவும் பள்ளிச் சுவருக்கு வெளியிலேயே இருக்கும். அதே ஆசிரியருக்கு வேறொரு பாடத்தில் காட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நடுப்படியில் 3 விழும். அந்த 3ஐ வைத்து எந்தப் பாடத்தைத் திருத்துவது?

‘பாடநூல் எளிமையாகவும் ஆர்வமூட்டுவதாகவும் உள்ளது’ என்பது ஒரே வரியில் இரண்டு கேள்வி. உடைத்துவிடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூலோடு நடத்துபவருக்குப் பாடநூல் பற்றிய கூற்றுகள் பாதி பொருந்தாது. ‘எனக்குப் பொருந்தாது’ என்று ஆறாவது கட்டம் வேண்டும், அதற்கு மதிப்பெண் கூடாது. இல்லையென்றால் அவர்களும் 3இல்தான் டிக் அடிப்பார்கள்.

ஆறு கூற்றுகள் எதிர்மறையானவை, அதாவது ஒப்புக்கொண்டால் கலைத்திட்டத்தைக் குறை சொல்வதாகும். அவற்றின் மதிப்பை 6இலிருந்து கழித்த பிறகே கூட்ட வேண்டும்; 5 போட்டிருந்தால் 1 ஆகும். வினாநிரலின் கையேட்டில் இது ஒரே வரியில் ஒளிந்திருக்கிறது. திருப்பாமல் விட்டால் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) சரிந்துவிடும், கூற்றே மோசம் என்று எண்ணித் தூக்கிவிடுவீர்கள். ஆல்ஃபாவைப் பிரிவுவாரியாகப் பாருங்கள். 0.70க்குக் கீழே போனால் அந்தப் பிரிவின் கூற்றுகள் ஒன்றையொன்று ஒட்டவில்லை. 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வார்த்தை மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கக்கூடும். எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு செய்வதானால் கூற்றுக்கு ஐந்து பேராவது வேண்டும் என்பது வழக்கம், அதாவது 200 ஆசிரியர். ஒரே ஒன்றியத்தில் அத்தனை பேர் சேர்வது கடினம், பக்கத்து ஒன்றியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கேடு முதல் பக்கத்தில் இருக்கிறது: பெயர், பள்ளி, கைபேசி எண். கூட்டம் முடியும் நேரத்தில் தாளைக் கொடுத்துத் தலைமையாசிரியர் கையால் திரும்ப வாங்கினால், மேலிருந்து கீழ்வரை 4, 4, 4 என்று ஒரே நேர்கோடாக டிக் விழும். மாவட்டம், கற்பிக்கும் வகுப்பு, பாடம், பணி ஆண்டுகள் மட்டும் போதும். தாளை மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், கூட்டத்தின் தொடக்கத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூகுள் படிவமாக மாற்றினால், மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு இணைப்பை அனுப்புங்கள்.