பூவா, தறியா, குவாரியா: எந்தக் கணக்கெடுப்பு உண்மையைச் சொல்லும்?

மதுரையைச் சுற்றி எந்த வேலை உடம்பை அதிகம் தின்கிறது? உசிலம்பட்டிப் பக்கம் இருட்டோடு எழுந்து மல்லிகை பறிப்பதா, செல்லூரில் தறி ஓட்டுவதா, மேலூர்ப் பக்கம் கல் உடைப்பதா, விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பதா? டீக்கடையில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கணக்கெடுப்புகளைக் கேட்டாலும் அதே கதிதான்.

முதலாவது, ஆள் சொல்வதை எழுதிக்கொள்ளும் முறை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று (2017-18), கடந்த 15 நாளில் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டது. இந்திய அளவில் கிராமத்தில் 6.8 சதவீதம் பேர், நகரத்தில் 9.1 சதவீதம் பேர் முடியவில்லை என்றார்கள். அப்படியானால் கிராமத்தார்தான் திடகாத்திரமா? முதுகுவலியை ‘வேலைன்னா வலிக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுகிற பூப் பறிக்கும் அம்மா இந்தக் கணக்கில் ஆரோக்கியசாலி.

அளந்து பார்ப்பது இரண்டாவது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) பிரஷர், சுகர் இரண்டையும் கருவி வைத்தே பார்த்தார்கள். ஆனால் என்ன வேலை என்ற கேள்வி ஒரு பகுதி வீடுகளில்தான் கேட்கப்பட்டது. மாவட்ட அளவில் தொழில்வாரியாகப் பிரிக்க முடியாது. தறிக்காரர் காதையும் குவாரிக்காரர் நுரையீரலையும் பிரஷர் கருவி காட்டிக்கொடுக்காது என்பது வேறு.

என் கணக்கில் மோசமானது மூன்றாவது முறை: வேலையால் வந்த நோயைத் தெரிவிக்கச் சொல்லி எழுதிவைக்கும் பதிவேடு. இரைச்சலால் காது மந்தமானால் மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்றது, 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். மின்சாரம் இருந்தாலும் 10 பேருக்குக் குறைந்தால் பொதுவாக அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாகவே இருக்கவில்லை. வீட்டில் இரண்டு விசைத்தறி போட்டவரின் காது எந்த ஏட்டில் ஏறும்? குவாரி இன்னும் சிக்கல். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸாக முற்ற வருஷக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்க ஆரம்பித்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பார். மிச்சமிருக்கிற தெம்பான ஆட்களை வைத்து அந்த வேலையை எடைபோடுவது, தேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டுக் கேள்வித்தாள் சுலபம் என்பது போல.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும் 2017 முதல் நடக்கிறது. வேலை நேரம், சம்பளத்தோடு விடுப்பு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எல்லாம் கேட்கிறது. உடம்பை மட்டும் கேட்பதில்லை.

ஐரோப்பாவில் 1990 முதல் நடக்கும் பணிச்சூழல் கணக்கெடுப்பு வேலை, உடம்பு இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே உட்காரலில் கேட்கிறது. பாரம் தூக்குவது எவ்வளவு நேரம், கத்திப் பேச வேண்டிய இரைச்சல் எவ்வளவு நேரம்: எப்போதுமா, பாதி நேரமா, கால்வாசியா, இல்லவே இல்லையா? ‘உனக்கு நோயா’ என்றால் மழுப்புகிறவர்கூட இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். நம்மூருக்கு இதையே எடுப்பேன். ஆனால் இதுவும் இப்போது வேலையில் இருப்பவரைத்தான் பிடிக்கும். மேலூருக்கு ‘முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க, ஏன் விட்டீங்க’ என்பதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

ஜவுளிக்கடைக்கு இன்னொரு கேள்வி. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. ஸ்டூல் போட்டிருக்கிறார்களா என்று கேட்டால் எல்லாக் கடையும் பாஸ். ‘நேத்து சாப்பாட்டு நேரம் போக எத்தனை தடவை உட்கார்ந்தீங்க’ என்று, முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.