8,400 டாலருக்கு ஒரு கறுப்புப் பூச்சு: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

டெட்ராய்ட் வட்டாரத்தில் பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு கடையிடம் 8,400 டாலர் கொடுத்து, என் 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி காரின் அடிப்பாகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தப்பிப் பிழைத்திருந்த ஆலைப் பூச்சை இழந்து நிற்கிறேன். வண்டி வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடையின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. பழைய கார் ஆர்வலர்கள் உதிரிபாகங்களை வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையில் அதன் விளம்பரத்தைப் பார்த்தேன் என்பது மட்டும் போதும். இப்படிப்பட்ட கடைகளை எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது என்று இறுதியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காரை 1970இல் கட்டியது ஹாம்ட்ராம்க் நகரில் இருந்த டாட்ஜ் மெயின் ஆலை. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே காரின் கூட்டைப் பிரைமர் என்ற அடிவண்ணத்தில் முக்கி எடுத்து, பிறகு மேலே வண்ணம் தெளிப்பார்கள். ஆகவே அடிப்பாகத்துக்கென்று தனியாக அழகான பூச்சு எதுவும் கிடையாது. பிரைமரின் மங்கிய சாம்பல் நிறம், அதன் ஓரங்களில் சிதறிப் படிந்த, பிளம் கிரேஸி என்ற பெயர்கொண்ட மேல்வண்ண ஊதா, தகடுகள் சேரும் இடங்களில் அவசரமாகத் தூரிகையால் அப்பிய இடுக்கடைக்கும் சீலர், ஆய்வாளர்கள் மெழுகுப் பென்சிலால் கிறுக்கிய குறிகள் ஆகியவைதாம் அந்தக் காரின் அசல் அடிப்பாகம். ஆலையிலேயே அண்டர்கோட்டிங், அதாவது அடிப்பாகத்தைக் காக்க அடிக்கும் கறுப்புப் பூச்சு, வேண்டும் என்று கேட்டு வாங்கிய கார்களுக்கு, எஞ்சின் அறையில் இடப்பக்கம் திருகியிருக்கும் விவரத் தகட்டில் ஜே55 என்ற குறி இருக்கும். என் காரின் தகட்டில் அந்தக் குறி இல்லை. ஆனால் மிச்சிகனின் குளிர்காலச் சாலை உப்புக்குப் பயந்து பழைய உரிமையாளர் யாரோ தார் போன்ற ஒரு பூச்சைக் கனமாக அடித்து வைத்திருந்தார். அந்தத் தாரை மட்டும் எடுத்து, உள்ளே இருப்பதைக் காயப்படுத்தாமல் வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் நான் கேட்ட வேலை.

கடை உரிமையாளர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரத்துக்கு அருகே உள்ளங்கை அகலத்துக்குத் தாரைச் சூடுகாட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக வழித்தெடுத்தார். உள்ளிருந்து சாம்பல் பிரைமரும், அதன்மேல் ஊதாத் தூறலும், பாதி தெரிந்த ஒரு நீலக் கிறுக்கலும் வெளிப்பட்டன. "பார்த்தீர்களா, இது ஆலை ஆய்வாளர் கைப்பட்ட குறி, இதைத் தொடவே கூடாது" என்றவர், நான் கேட்காமலேயே எஞ்சின் அறைத் தகட்டைப் படித்து, "ஜே55 இல்லை, எனவே இந்த வண்டியில் எங்கும் கறுப்பு வரக்கூடாது" என்றும் சொன்னார். உறைந்த கரியமில வாயுவின் துகள்களை வீசும் முறையில் முழு அடிப்பாகத்தையும் சுத்தம் செய்வதாகவும் விளக்கினார். கிட்டத்தட்ட மைனஸ் 78 டிகிரி குளிர்ச்சியில் தார் இறுகி உடைந்து உதிரும், துகள்கள் ஆவியாகிவிடுவதால் மணல் போல எதுவும் தங்காது, அழுத்தத்தை அளவாக வைத்தால் பிரைமர் பிழைத்துவிடும் என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை. தொழில் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அன்றே திரும்பி வந்திருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதுதான் இப்போதும் என் வயிற்றை எரிக்கிறது. அட்டையில் செலுத்தினால் கூடுதல் கட்டணம் என்று சொன்னதால், 8,400 டாலரையும் காசோலையாகக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டதுமே சைலன்சர் பக்கமிருந்து கருகிய நாற்றம் வந்தது. நெடுஞ்சாலையில் ஏறியபின் முன்பில்லாத ஓர் அதிர்வும் தொடங்கியது. வீட்டில் ஜாக்கி வைத்துக் கீழே படுத்துப் பார்த்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பளபளக்கும் ரப்பர் கறுப்பு. எஞ்சின் பக்கமிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மேல் ஏறுக்குமாறாக அடித்திருந்தார்கள். அதிர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிரேக் ஹோஸ், கைப்பிரேக் கேபிள், சைலன்சர் குழாய் எதையும் விட்டுவைக்கவில்லை. கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டில் தண்ணீர் வடியும் துளைகளையும் அடைத்துவிட்டார்கள்; இனி உள்ளே சேரும் ஈரம் அங்கேயே தங்கித் தகட்டைத் தின்னும். ஒரு மூலையில் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புக்கு அடியில் பிரைமர் இல்லை, ஊதா இல்லை, வெறும் இரும்பும் அதன்மேல் புதிதாகப் பூத்த துருவும்தான் இருந்தன. தகட்டு இடுக்குகளிலிருந்து கைநிறைய மணல் கொட்டியது. உறைந்த வாயுத் துகள் மணலாக மாறும் அதிசயத்தை அவர்தாம் விளக்க வேண்டும். புண்ணைக் கழுவாமல் அதன்மேல் சந்தனம் பூசியதுபோல, துருவை வைத்தே மூடிவிட்டார்கள்.

தொலைபேசியில் கேட்டபோது முதலில், "கறுப்புதானே பாதுகாப்பு, எல்லோரும் விரும்புவது அதுதான்" என்றார். அடுத்த முறை, அந்தக் காலத்தில் எல்லாக் கார்களுக்கும் ஆலையிலேயே கறுப்பு அடித்துத்தான் அனுப்பினார்கள் என்று, தன் வாயால் ஜே55 பற்றிச் சொன்ன அதே மனிதர் சொன்னார். வேலை நடக்கும்போது எடுப்பதாகச் சொன்ன புகைப்படங்களைக் கேட்டால், அவை பழைய கைப்பேசியில் போய்விட்டனவாம். வேலை செய்த பையன் விலகிவிட்டானாம். இறுதியாக, நான் ஒப்பமிட்ட தாளில் "அடிப்பாகம் சுத்தம் செய்து பூசுதல்" என்றுதான் இருக்கிறது, எந்த நிறம் என்று இல்லையே என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த வேலையில் கொஞ்சம் தள்ளுபடி தருவதாகச் சொன்னதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். அடுத்த வேலையாம்!

மிச்சிகனில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் கோரக்கூடிய உச்சவரம்பு 7,000 டாலர். நான் கொடுத்தது 8,400 டாலர். ஒன்று மிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது வழக்கமான உரிமையியல் வழக்காகத் தொடுக்க வேண்டும். இதைத் தவிர, ரப்பரை வழித்து, துருவை நீக்கி, பிரைமரும் ஊதாத் தூறலும் புதிதாக அடித்து அசல் போலத் தோற்றம் கொண்டுவர இன்னொருவருக்குப் பணம் தர வேண்டும். அப்படிச் செய்தாலும் அது நகல்தான். அந்த நீலக் கிறுக்கலை எவராலும் திருப்பித் தர முடியாது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. எந்த முறையில் சுத்தம் செய்வார்கள், எந்தப் பூச்சு, எந்த நிறம், எந்தப் பாகத்தைத் தொடக்கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். தார் நீங்கியதும் வேலையை நிறுத்தி, நீங்கள் நேரில் வந்து பார்த்த பிறகே அடுத்த கட்டம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் முன் நீங்களே எல்லாக் குறிகளையும் புகைப்படம் எடுங்கள். வேலை முடியும் முன் முழுப் பணத்தையும் தராதீர்கள், காசோலையாக நிச்சயம் தராதீர்கள். ரப்பர் அண்டர்கோட்டிங் டப்பாக்கள் அடுக்கிவைத்திருக்கும் கடையாக இருந்தால், உள்ளே இருப்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.