‘பிடித்த வரியைத் திருப்பி வாங்கித் தருகிறேன்’ என்றவரை நம்பிய கதை

நீங்கள் சம்பளக்காரராக இருந்து, வருமான வரி ரிட்டர்னை வேறு யாரிடமாவது கொடுத்துத் தாக்கல் செய்பவராகவும் இருந்தால், இன்று ராத்திரியே அதைத் திறந்து ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் விட்டேன்.

2024 ஜூலை கடைசி வாரம். 31ஆம் தேதி கெடு. சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி அலுவலகம் தரும் ஃபாரம் 16 ஏதோ ஒரு மெயிலில் கிடந்தது, இன்சூரன்ஸ் ரசீதுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதே நினைவில்லை. அலுவலக நண்பர் ஒருவர், "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், எல்லாத்தையும் அவரே பார்த்துப்பார்" என்று ஒரு நம்பர் கொடுத்தார். தன்னை ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்ட அந்த மனிதர் பான் எண், வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்டு, ஃபாரம் 16 மூன்றையும் மட்டும் கேட்டார். ரசீதெல்லாம் வேண்டாமா என்றேன். "ரிட்டர்னோட எதையும் இணைக்க வேண்டியதில்லை சார்" என்றார். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. கட்டணம், திரும்பி வருகிற வரிப் பணத்தில், அதாவது ரீஃபண்டில், 10 சதவீதம். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்." சொன்னேன். ரிட்டர்ன் என்னுடையதுதான் என்று உறுதிசெய்யும் இ-வெரிஃபிகேஷன் முடிந்தது. சில வாரங்களில் 46,800 ரூபாய் கணக்கில் ஏறியது. மனதார வாழ்த்தி 4,680 ரூபாய் அனுப்பினேன்.

அடுத்த வருடம் அவர் போனை எடுக்கவில்லை. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று ஆதார் ஓடிபி வைத்துப் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனேன். ப்ரொஃபைலில் இருந்த மொபைல் நம்பர் என்னுடையதில்லை. மெயில் முகவரியும் கேள்விப்படாத ஒன்று. வருமான வரித் துறை அனுப்பியிருந்த தகவல்கள் எல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. 'உங்கள் கழிவுகளைச் சரிபாருங்கள்' என்ற ஒன்றும் அதில் இருந்தது. கழிவு என்றால் வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கிற தொகை.

அப்புறம் ரிட்டர்னைத் தரவிறக்கினேன். வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய்: என்னைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளி என்று என் அம்மா. தினமும் காலையில் என்னைவிட வேகமாக நடக்கிறவர். 80ஜிஜிசியில் அரசியல் கட்சி நன்கொடை 90,000, பணம் கட்டியதற்கு ஒரு பரிவர்த்தனை எண்ணோடு. 80இ-யில் கல்விக்கடன் வட்டி 60,000. நான் படிக்கக் கடன் கொடுத்தது மாமா ஒருவர்தான், அவர் வட்டி வாங்கியதில்லை. ஆக மொத்தம் 2,25,000 ரூபாய்க்குப் பொய். 20 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் என்று கணக்குப் போட்டால் சரியாக அந்த 46,800 வருகிறது.

'நான் போடவில்லை, அவர் போட்டார்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஓடிபி கொடுத்த நிமிடமே அது நான் கையெழுத்துப் போட்ட ரிட்டர்ன். துறை இதைப் பிடித்து, வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக 270ஏ பிரிவில் போட்டால், வரியில் 200 சதவீதம் அபராதம். என் கணக்குக்கு 93,600 ரூபாய். வரியும் வட்டியும் தனி.

திருத்திய ரிட்டர்னுக்கான டிசம்பர் 31 எப்போதோ தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது ஐடிஆர்-யு என்கிற அப்டேட்டட் ரிட்டர்ன் ஒன்றுதான். 46,800-ஐத் திருப்பிக் கட்டினேன். அதற்கு வட்டி. இரண்டையும் கூட்டி அதன்மேல் 25 சதவீதம் கூடுதல் வரி. அந்த 25 சதவீதம் மட்டுமே நான் கொடுத்த கமிஷனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தாமதமாக ஆக இந்தச் சதவீதம் 50, 60, 70 என்று ஏறும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். விசாரணை தொடங்கிவிட்டால் இந்த வழியும் அடைபடலாம்.

2025 ஜூலை 14 அன்று, இதே மாதிரி பொய்க் கழிவு போடும் முகவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்க்கான கோரிக்கைகளை விலக்கிக்கொண்டிருந்தார்களாம். கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

எரிச்சல் என்னவென்றால், நான் பயந்து ஓடிய வேலை ஒரு மாலை நேர வேலைதான். சம்பளம், வங்கி வட்டி, டிவிடெண்ட், பிடித்த வரி எல்லாம் போர்ட்டலில் துறையே வைத்திருக்கும் ஏஐஎஸ், 26ஏஎஸ் என்ற இரண்டு பட்டியல்களில் ஏற்கெனவே ஏறியிருந்தன. ஃபாரம் 16-ஐப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் ரசீதைத் தேடியதுதான் ஒரு மணி நேரம்.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் ப்ரொஃபைலில் உங்கள் நம்பரும் மெயிலும் இருக்கட்டும். ஓடிபி சொல்லும் முன் முழு ரிட்டர்னையும் கேட்டு வாங்கி, கழிவுப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். ரீஃபண்டில் பங்கு கேட்கிறவர் என்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

நம்பர் கொடுத்த நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. மதிய இடைவேளையில் தன்னுடையதைத் திறந்தார். நன்கொடைப் பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே தேதி, அதே தொகை, அதே பரிவர்த்தனை எண்.